எலுமிச்சைக் கன்றுக்கு ஒரு சிக்னல்

புதன்கிழமை, மதியம்

அன்புள்ள மகளுக்கு,

இருபத்தாறு வருடமாக ஒரே வீட்டில், ஒரே பற்பசைக் குழாயை ஒருவர் அடியிலிருந்தும் ஒருவர் நடுவிலிருந்தும் பிதுக்கிக்கொண்டு வாழும் மனிதரிடம், நீங்கள் செய்ததில் பாதி சரி, நான் செய்தது முழுக்கத் தப்பு என்பதை எந்த வார்த்தையில் ஆரம்பித்துச் சொல்வது? எனக்கு விடை தெரியவில்லை. தெரிந்திருந்தால் இந்நேரம் சொல்லிவிட்டு விடைத்தாள் திருத்தப் போயிருப்பேன், உனக்கு இந்தக் கடிதமும் வந்திருக்காது. முறைப்படி முதலில் நலம் விசாரிக்க வேண்டும், அதையும் செய்துவிடுகிறேன். இங்கே நான் நலம், அப்பா மருந்துச் சீட்டில் எழுதியிருக்கிற அளவுக்கு நலம், பின்பக்கத்து எலுமிச்சைக் கன்று மட்டும் நலமில்லை. நீ நலமாக இருப்பாய் என்று எழுதக் கை வரவில்லை. போனில் "நல்லா இருக்கேன்மா" என்று சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை இருமுகிறாய். தலையை ஈரத்தோடு கட்டிக்கொண்டு வேலைக்குப் போகாதே. காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போ, காப்பி சாப்பாட்டில் சேராது.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று யோசிப்பாய். உன் போன் வந்தால் அப்பா ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்துவிடுகிறார், மெசேஜ் அனுப்பலாம் என்றால் என் கண்ணாடி கிடைக்காத சமயத்தில் அவரிடம்தான் படித்துச் சொல்லச் சொல்கிறேன். அவருக்குத் தெரியாமல் உனக்கு ஒன்று சொல்ல வேண்டுமானால் காகிதத்தைத் தவிர வேறு வழியில்லை. கல்லூரி ஆசிரியர் அறையில் என் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். தலைக்கு மேல் மின்விசிறி டொக் டொக்கென்று அடித்துக்கொள்கிறது. எதிர் மேஜையில் பொருளாதாரத் துறைப் பேராசிரியை நான் விடைத்தாள் திருத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், அவர் நிமிரும்போதெல்லாம் சிவப்புப் பேனாவை எடுத்து ஓரத்தில் ஒரு டிக் போடுகிறேன். இந்தக் கடிதத்தின் ஓரத்தில் டிக் இருந்தால் நீ சரியாக எதையோ செய்துவிட்டாய் என்று அர்த்தமில்லை. நீ இதைப் படித்து ஆலோசனை சொல்வதற்குள் அந்தக் கன்று தானாகவே ஒரு முடிவுக்கு வந்துவிடும் என்பதும் தெரியும். ஆனாலும் யாரிடமாவது சொல்லிப் பார்த்தால்தான் எனக்கு வாய் வரும் போலிருக்கிறது.

அப்பாவின் கண் விஷயம் உனக்கு ஒரே வரியில் சொல்லப்பட்டது. பக்கப் பார்வை குறைந்திருக்கிறது, சொட்டு மருந்து விட்டால் இருக்கிற பார்வை நிற்கும், பயமில்லை என்று. அந்த வரி பொய்யில்லை, அதற்கடுத்த வரிகளை நாங்கள் சொல்லவில்லை. இனிமேல் வண்டி ஓட்டக் கூடாது, ஓட்டக் கற்றுக்கொடுக்கும் இருக்கையிலும் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொன்ன அன்று அவர் "சரி" என்றார். இருபத்திரண்டு வருடம் இடது பக்கம் உட்கார்ந்து, தன் காலடியில் இருந்த இரண்டாவது பிரேக்கை மிதித்தே ஊரில் பாதிப் பேருக்கு கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர். ரோட்டில் நாலு பேராவது "மாஸ்டர்" என்று கூப்பிடாமல் கடைக்குப் போய்வர முடியாதவர். பயிற்சிப் பள்ளியையும் இரட்டை பிரேக் வண்டியையும் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டு வந்து முன் அறை நாற்காலியில் உட்கார்ந்தார், அவ்வளவுதான். செய்தித்தாளின் ஒரே பக்கம் மதியம் வரை. கூப்பிட்டால் சாப்பிடுவார், கேட்டால் பதில் சொல்வார், ஆமாம், இல்லை, சரி என்ற மூன்றுக்குள் எல்லாப் பதிலும் அடங்கிவிட்டது. நானும் பேசுகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். இரண்டு ஊமைகள் குடித்தனம் நடத்திய மாதிரி ஐந்து மாதம் போயிற்று. அப்புறம் ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் போய் நாற்றுப் பண்ணையில் ஓர் எலுமிச்சைக் கன்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். துணி காயப்போடும் கம்பிக்கு அந்தப் பக்கம், தையல்காரர் வீட்டு மதில் ஓரமாக, அவரே குழி தோண்டி நட்டார். மறுநாளிலிருந்து ஆறு மணிக்கு எழுந்தார். கையில் பிளாஸ்டிக் குவளையோடு கன்றின் பக்கத்தில் நின்றால் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து தையல்காரர் ஏதாவது கேட்பார், இவரும் ஏதாவது சொல்வார். சமையலறையிலிருந்து எனக்கு வார்த்தைகள் கேட்காது, குரல் மட்டும் கேட்கும். அது போதுமாயிருந்தது.

போதுமாயிருந்தது என்று நான் விட்டிருக்க வேண்டும். விட்டேனா? கன்றின் கீழ் இலைகள் மஞ்சளாக ஆரம்பித்தன. காரணம் கண்ணுக்கு எதிரே இருந்தது. அவர் காலையில் ஊற்றுவார், மதியம் ஊற்றுவார், சாயங்காலம் ஊற்றுவார், நடுவில் வெயில் அதிகம் என்று தோன்றினால் அதற்கு ஒன்று, மேகம் போட்டால் மழை ஏமாற்றிவிடும் என்று அதற்கு ஒன்று. வேர் அழுகிவிடும் என்று எனக்குப் பட்டது. இதை அவரிடம் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும், அரை நிமிடம்? ஆனால் அந்த அரை நிமிடத்தில் அவர் முகம் எப்படி மாறும் என்று யோசித்தேன். இருக்கிற ஒரே வேலையும் உங்களுக்குச் சரியாக வரவில்லை என்று சொன்ன மாதிரி ஆகிவிடாதா. அதனால் வாயால் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, எனக்குப் பதிலாகச் சொல்வதற்கு ஒரு மெஷின் கட்டினேன். அரை நிமிடப் பேச்சை மிச்சம் பிடிக்க மூன்று வாரம் உழைத்தவள் உன் அம்மா ஒருத்திதான் இருப்பாள். நான் சொன்னால் அது குறை, மெஷின் சொன்னால் அது அறிவியல் என்பது என் கணக்கு.

நம்மைப் போன்றவர்கள் வீட்டிலேயே செய்துகொள்ளும்படி நிறைய வீடியோக்கள் இருக்கின்றன, எல்லாவற்றிலும் ஓர் ஆள் சிரித்த முகமாகப் பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறான். உள்ளங்கை அளவு ஒரு போர்டு, அது யோசிக்கும். சீப்பு மாதிரி தட்டையாக ஒரு சென்சார், அதை மண்ணில் குத்தினால் ஈரத்துக்குத் தகுந்தபடி ஒரு எண் சொல்லும். அந்த எண் வை-ஃபை வழியாக உடனுக்குடன் என் லேப்டாப்பில் ஓடும், அரை மணிக்கு ஒரு புள்ளியாக வரைபடமும் போடும். இதுதான் திட்டம். ஒயரை ஈயம் வைத்து ஒட்ட எங்கள் கல்லூரி எலக்ட்ரானிக்ஸ் ஆய்வகப் பொறுப்பாளரிடம் கற்றுக்கொண்டேன், அந்தம்மாள் ஒட்டியது பாசிமணி மாதிரி இருந்தது, நான் ஒட்டியது காக்கை எச்சம் மாதிரி இருந்தது. மூன்றாவது முயற்சியில் ஒயரோடு என் சேலைத் தலைப்பும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது. சென்சாரின் மேல் விளிம்பில் தண்ணீர் படக் கூடாது, நகப்பூச்சு தடவினால் போதும் என்று போட்டிருந்தார்கள். உன் அலமாரியில் நீ விட்டுப்போன கத்தரிப்பூ நிறப் புட்டியை எடுத்து மூன்று பூச்சுப் பூசினேன், கோபித்துக்கொள்ளாதே, நம் வீட்டில் இப்போது சென்சாருக்குத்தான் நகம் அழகாக இருக்கிறது. போர்டு நனையாமலிருக்க நான் கல்லூரிக்குச் சாப்பாடு கொண்டுபோகும் டப்பாவில் சூடான கம்பியால் ஓட்டை போட்டு அதற்குள் வைத்தேன், அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு பிஸ்கட் டின்னில் போகிறது. வை-ஃபை பின்பக்கத்துக்கு எட்டவில்லை, பெட்டியை ஃப்ரிட்ஜ் மேல் மாற்றி வைத்தேன். செடிக்கு இணையம் கிடைத்தது, படுக்கையறைக்குப் போய்விட்டது. போன வாரம் உன் வீடியோ அழைப்பு பாதியில் நின்றதற்கு உன் கம்பெனி நெட் காரணமில்லை, நான்தான்.

இதோடு நிறுத்தியிருந்தால் கூட எண்ணும் வரைபடமும் என்னோடு போயிருக்கும். அப்பாவுக்குப் புரிகிற மாதிரி வேண்டும் என்று டப்பாவின் மூடியில் இரண்டு குட்டி விளக்குகள் வைத்தேன். பச்சை எரிந்தால் தண்ணீர் ஊற்றலாம், சிவப்பு எரிந்தால் போதும், ஊற்றக் கூடாது. எந்த எண்ணுக்கு எது எரிய வேண்டும் என்று போர்டுக்குச் சொல்ல வேண்டுமே, அதற்கு நான் என்ன செய்தேன் என்பதை இரண்டு முறை படி, ஏனென்றால் என் மானம் போனது இந்த இடத்தில்தான். அப்பா நன்றாக ஊற்றி முடித்த ஒரு சாயங்காலம், மண் சேறாக இருக்கும்போது சென்சாரைக் குத்தினேன். முந்நூற்று நாற்பது காட்டியது. ஓகோ, சேறு என்றால் முந்நூற்று நாற்பது, இதற்குக் கீழே இறங்கினால் காய்கிறது என்று அர்த்தம் என்று முடிவு கட்டி, முந்நூற்று முப்பதுக்குக் கீழே பச்சை, மேலே சிவப்பு என்று எழுதிவிட்டேன். காய்ந்த மண்ணில் ஒரு தடவை குத்திப் பார்த்தேனா என்று கேட்டால், இல்லை. இருபத்து மூன்று வருடமாகப் புள்ளியியல் சொல்லித் தருகிறேன். ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு கோடு இழுக்காதே, கோட்டுக்குக் குறைந்தது இரண்டு புள்ளி வேண்டும் என்று வருடா வருடம் முதல் வகுப்பில் சொல்கிறேன். யார் என்ன சொன்னாலும் "எப்படித் தெரியும்?" என்று கேட்பேன் என்பதால் பிள்ளைகள் எனக்கு "எப்படித்தெரியும் மேடம்" என்றே பேர் வைத்திருக்கிறார்கள். உலகத்தில் எல்லாரையும் கேட்ட கேள்வியை அந்த டப்பாவிடம் மட்டும் நான் கேட்கவில்லை. கத்தரிப்பூ நகத்தைப் பார்த்து ஏமாந்துவிட்டேன் போலிருக்கிறது.

மறுநாள் காலை அப்பா குவளையோடு போனார், சிவப்பு எரிந்தது. நான் ஜன்னலிலிருந்து, சிவப்பு என்றால் வேண்டாம் என்றேன். "சரி" என்றார். சிக்னலை மீறாத மனிதரைப் பற்றித்தான் பேசுகிறோம், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஆளில்லாத ரோட்டில் கூட சிவப்புக்கு நின்று பின்னால் வருபவனிடம் திட்டு வாங்குகிறவர். தினமும் ஆறு மணிக்குப் போய்த் தண்ணீர்க் குவளையோடு கன்றுக்கு எதிரே நிற்பார். விளக்கு மாறுகிறதா என்று பார்ப்பார். தையல்காரர் மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "என்ன மாஸ்டர், இன்னைக்காவது பச்சை விழுமா?" என்று கேலி செய்தார். முதல் நான்கைந்து நாள் அப்பாவும் ஏதோ பதிலுக்குச் சொன்னார். பிறகு நிற்கிற நேரம் குறைந்தது. எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ அவர் பின்பக்கம் போகவே இல்லை, நான் எழுந்து வந்தபோது முன் அறை நாற்காலியில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார். நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு லேப்டாப்பைத் திறந்து வரைபடத்தைப் பார்க்கப் போனேன் என்பதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

அந்த வரைபடம் அவ்வளவு அழகாயிருந்தது. முந்நூற்று நாற்பதில் ஆரம்பித்து முந்நூற்று எண்பது, நானூறு, நானூற்று ஐம்பது என்று மாடிப்படி மாதிரி ஏறிக்கொண்டே போனது. ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை, மழையும் இல்லை, ஈரம் மட்டும் ஏறுகிறது. சாதாரண மனுஷி என்றால் மெஷினில் ஏதோ கோளாறு என்று நினைத்திருப்பாள். நான் படித்தவள் இல்லையா, ஒரு கோட்பாடு கண்டுபிடித்தேன். குளியலறையிலிருந்து போகும் குழாய் மண்ணுக்கடியில் எங்கேயோ ஒழுகுகிறது, கன்றை அழுக வைப்பது அந்த ஒழுக்குத்தான் என்று. அது சரியாயிருந்தால் அப்பா மேலும் தப்பில்லை, என் மேலும் தப்பில்லை, குழாய் மேல்தான் தப்பு, குடும்பத்துக்கு எவ்வளவு சௌகரியமான கோட்பாடு பார். அதை அச்செடுத்து ஆசிரியர் அறையில் காட்டினேன். பொருளாதாரத் துறை அம்மையார் தன் வீட்டுக்கும் ஒன்று செய்து தரச் சொன்னார். இதற்கிடையில் இலைகள் சுருண்டு, உள்ளங்கையை மடக்கின மாதிரி ஆகிவிட்டன. அழுகல் முற்றுகிறது என்று சொல்லிக்கொண்டு குழாய் வேலைக்காரரை வரச் சொன்னேன். இன்று பதினேழாவது நாள். அப்பாவுக்கு இன்று மாதாந்திரக் கண் பரிசோதனை, தையல்காரர் துணைக்குப் போனார். அவர்கள் பஸ் ஏறின பத்தாவது நிமிடம் குழாய்க்காரர் வந்தார், நான் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மேற்பார்வைக்கு நின்றேன்.

மதிலிலிருந்து கன்று வரைக்கும் முழங்கால் ஆழத்துக்கு ஒரு பள்ளம் தோண்டினார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்கள், எனக்குப் பூதம் கூடக் கிளம்பவில்லை, புழுதிதான் கிளம்பியது. அவர் கடப்பாரையைச் சாய்த்துவிட்டு, இங்கே ஈரமே இல்லையே என்றார். நான் என்ன கேட்டிருப்பேன் என்று உனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்டேன். மனிதர் குனிந்து கன்றின் அடியிலிருந்தே ஒரு பிடி மண்ணை அள்ளி என் கையில் வைத்தார். விபூதி மாதிரி விரலிடுக்கில் வழிந்து போயிற்று. மீட்டர் ஐந்நூற்று நாற்பது காட்டுகிறதே என்று நான் இன்னும் விடாமல் சொன்னேன். அவர் டப்பாவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மேடம், நாங்க பிரஷர் மீட்டர் வாங்கினாக்கூட முதல்ல சும்மா வெச்சு ஒரு தடவை, தண்ணி விட்டு ஒரு தடவை பாப்போம். இதை அப்படிப் பாத்தீங்களா?" என்றார். சென்சாரைப் பிடுங்கிப் புழுதியைத் துடைத்துத் தன் குடிதண்ணீர்க் குவளையில் முக்கினார். லேப்டாப்பில் ஐந்நூற்று நாற்பது மளமளவென்று இறங்கி இருநூற்றுத் தொண்ணூறில் நின்றது, மூடியில் பச்சை எரிந்தது. காய்ந்தால் எண் ஏறும், நனைந்தால் எண் இறங்கும், அந்த ஜாதி சென்சார் அது, வாங்கின உறையிலேயே போட்டிருக்கிறது, அப்புறம் எடுத்துப் பார்த்தேன். குழாய்க்காரர் பச்சையைப் பார்த்துக்கொண்டே, "தண்ணிக்குள்ளயே உக்காந்துக்கிட்டு இன்னும் ஊத்துங்கறதே" என்றார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கொஞ்சம் தாங்கியிருக்கும்.

அப்புறம் நடந்ததும் பெருமைப்படுகிற மாதிரி இல்லை. நாளைக்கு வந்து பள்ளத்தை மூடுங்கள் என்று அவரை அனுப்பிவிட்டு, சென்சாரைப் பழையபடி மண்ணில் குத்தி, இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றினேன், எண் முந்நூற்றுப் பத்துக்கு இறங்கியது. மண் குடித்த சத்தம் கேட்டது. ஊற்றி முடித்து வாளியைக் கழுவிக் கவிழ்க்கிறேன், கேட் திறக்கிற சத்தம். அப்பா வந்ததும் வராததுமாகப் பின்பக்கம் எட்டிப் பார்த்தார், பதினேழு நாளில் முதல் தடவையாகப் பச்சை எரிகிறது. செருப்பைக் கூடக் கழற்றாமல் போய்க் குவளையை எடுத்து ஊற்ற ஆரம்பித்தார். ஊற்ற ஊற்ற அது பச்சையாகத்தான் இருக்கும், அவரும் சிக்னலை மதிக்கிறவர், சாயங்காலம் வரை ஊற்றியிருப்பார். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதில், சார்ஜ் போய்விட்டது என்று சொல்லி பேட்டரி ஒயரைப் பிடுங்கினேன். பள்ளம் எதற்கு என்று கேட்டார், குழாயில் ஒழுக்கு, இன்னும் தேடுகிறார்கள் என்றேன். கல்லூரிக்கு நேரமாகிறது என்று ஓடிவந்துவிட்டேன். இதுவரை நான் தப்புச் செய்தவள், இன்று காலை பதினொன்றரையிலிருந்து பொய்யும் சொன்னவள்.

எனக்குப் பயம் என்ன தெரியுமா, அவர் கோபிப்பார் என்பதில்லை. கோபித்தால் பரவாயில்லை, எட்டு மாதமாக அதற்குக் கூட அவருக்குத் தெம்பில்லை. "சரி" என்று சொல்லிவிட்டு நாற்காலிக்குப் போய்விடுவாரோ என்றுதான் பயம். அவராக எழுந்து வந்த ஒரே இடம் அந்தக் கன்றடி, அங்கேயும் நான் ஒரு சிவப்பு விளக்கை நட்டுத் திருப்பி அனுப்பிவிட்டேன். கன்று பிழைக்குமா என்று குழாய்க்காரர் போனதுமே ஆய்வகப் பொறுப்பாளரைப் போனில் கேட்டேன், தண்டு பச்சையாக இருந்தால் பிழைக்கும் என்றார். நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், பச்சை மாதிரிதான் தெரிகிறது, ஆனால் என் பச்சைகளை நான் இப்போது நம்புவதில்லை. மற்றபடி இங்கே விசேஷமில்லை. அத்தைக்கு முழங்கால் வலி தேவலை, ஆனால் தேவலை என்று ஒப்புக்கொள்ள மாட்டார். உன் குளிர்கால உடைகளைத் தையல்காரரிடம் கொடுத்து உள்துணி மாற்றியிருக்கிறேன், அடுத்த வாரம் பார்சல் வரும். வாடகை வீட்டில் ஈயம் ஒட்டும் வேலை எதுவும் நீ ஆரம்பிக்காதே, இந்த வியாதி பரம்பரையாக வரக்கூடும். மணி அடிக்கிறது, நான் போக வேண்டும். நாளைக்கு எதையாவது சொல்லிவிட்டால் இதிலேயே சேர்த்து எழுதி அனுப்புகிறேன்.

வியாழன். அதே மேஜை, அதே விசிறி. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். காலை ஆறு மணிக்கு அப்பா முன் அறையில் இருந்தார். நான் இரண்டு காப்பியோடு போய் எதிரே உட்கார்ந்தேன், நான் காலையில் உட்காருகிற வழக்கம் இல்லையாதலால் அவரே பேப்பரை இறக்கினார். எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று நேற்று அவ்வளவு யோசித்தேனே, கடைசியில் "நம்ம விளக்கு தலைகீழா எரிஞ்சுது" என்று ஆரம்பித்தேன். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன், ஒரு புள்ளி, பள்ளம், இரண்டு வாளி, பேட்டரி ஒயர் வரைக்கும். அவர் பாதிக் காப்பியில் டம்ளரைக் கீழே வைத்தார். நான் "சரி"க்காகக் காத்திருந்தேன். அவர், "அப்போ இலை நிஜமாவே சுருண்டிருந்துச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நாலாம் நாளே எனக்கு அப்படித்தான் தெரிஞ்சுது. சிவப்பு எரியுது, தண்ணி இருக்கு, இலை எப்படி வாடும்? சரி, கண்ணு இப்போ நடுவுலயும் போக ஆரம்பிச்சிடுச்சுன்னு நினைச்சேன். அதான் அந்தப் பக்கம் போறதில்ல. நேத்து டாக்டர்கிட்டயும் கேக்கல, கேட்டா ஆமான்னுடுவாரோன்னு" என்றார். இரண்டு வாரமாக அந்த மனிதர் தன் கண் அணைந்துகொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பேப்பரைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார், நான் அடுத்த அறையில் மாடிப்படி வரைபடத்தை ரசித்துக்கொண்டிருந்திருக்கிறேன். உங்கள் கண் சரியாகத்தான் பார்த்தது, நான்தான் பார்க்கவில்லை என்றேன். அவர் எழுந்து பின்பக்கம் போனார். நான் பின்னாலேயே போனேன். குனிந்து ஒவ்வோர் இலையாகப் பார்த்தார், தலையை அப்படியும் இப்படியும் திருப்பித் திருப்பி. பிறகு பள்ளத்தைப் பார்த்தார். அதன் நீளத்தை, ஆழத்தை, அது போய் முட்டுகிற மதிலைப் பார்த்தார். அப்போதுதான் சிரிப்பு வந்தது அவருக்கு. முதலில் தோள் மட்டும் குலுங்கியது, அப்புறம் துணி காயப்போடும் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கம்பியில் இருந்த என் புடவை ஒன்று சேற்றில் விழுந்தது. தையல்காரர் பதறிப்போய் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "புள்ளியியல் வாத்தியார் ஒத்தைப் புள்ளியில ரோடு போட்டுட்டாங்க" என்று ஆரம்பித்து முழுக் கதையையும் அவருக்குச் சொன்னார். அடுத்து தையல்காரர் மனைவிக்கு. பள்ளம் மூட வந்த குழாய்க்காரரிடம், அவரே கண்ணால் பார்த்த கதையை அவருக்கே சொன்னார், அவரும் இன்றுதான் சிரித்தார். பால்காரரிடம் சொன்னார். அத்தைக்குப் போன் போட்டுச் சொன்னார், முழங்கால் வலியோடு கேட்டு மகிழ்ந்திருக்கிறார். நான் கல்லூரிக்குக் கிளம்பிக் கேட்டுக்கு வரும்போது தெருவில் வண்டியை நிறுத்தியிருந்த பழைய மாணவர் ஒருவரிடம் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார், அந்த ஆள் என்னைப் பார்த்ததும் மரியாதையாக வாயை மூடிக்கொண்டார். மின் கணக்கெடுக்க வந்தவர், எதிர்வீட்டு மூவர், கடைசியில் அப்பா என் கூடவே பஸ் நிறுத்தம் வரை வந்தபோது அங்கே நின்ற முன்பின் தெரியாத ஒரு பெரியவர். காலை ஆறரையிலிருந்து ஒன்பது வரைக்கும் பதினோரு பேர், நான் எண்ணினேன். இந்த முறை எண் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். பஸ் ஏறும்போது அவர் அந்தப் பெரியவரிடம் சென்சாருக்குப் பூசிய நகப்பூச்சின் நிறத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். தலைகுனிந்து உட்கார்ந்தேன், ஆனால் நிறுத்தம் மறைகிற வரைக்கும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கன்றில் புதுத் தளிர் இல்லை, பழைய இலைகளில் ஒன்பது விழுந்துவிட்டன. பிழைக்குமா என்று எனக்குத் தெரியாது. நீ உன் கண்ணைக் கட்டாயம் பரிசோதித்துக்கொள், இந்த நோய் அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வரக்கூடியது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், பார்த்த சீட்டைப் படம் எடுத்து அனுப்பு, "நல்லா இருக்கு" என்று வாயால் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பா இதையெல்லாம் உனக்குச் சொல்வார், பள்ளத்தை இன்னும் ஓர் அடி ஆழமாக்கித்தான் சொல்வார். இந்தக் கடிதம் அதற்கு முன்னால் வந்து சேர்ந்தால், முதல் தடவையாகக் கேட்கிறவள் மாதிரி கேள். நடுவில் நிறுத்தி மறுபடி சொல்லச் சொல். எனக்காகப் பரிந்து பேச வேண்டாம்.

எடுத்த வேலை கைகூடி, உடம்பும் கண்ணும் தெளிவாக, நிறைந்த ஆயுளோடு இருப்பாயாக. அப்பாவின் ஆசியையும் நானே சேர்த்து எழுதுகிறேன், அவர் இப்போது வீட்டில் இருக்க மாட்டார், யாரிடமாவது பேசிக்கொண்டிருப்பார்.

உன்னை நினைத்திருக்கும்
அம்மா